உள்ளான் பார்க்க வந்தவர்கள்

ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் பல் துலக்கினேன். அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். காபித்தூள் தீர்ந்திருந்தது, பாலையே குடித்தேன். தோட்டத்தில் ஆறுமணிக்குருவி இரண்டு தடவை கூவிற்று. வடக்கேயிருந்து அந்த வாரம்தான் வந்து இறங்கியிருந்தது. நேற்றுப் போட்ட கால்சட்டையையே போட்டுக்கொண்டேன். பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துக் கழுத்தில் மாட்டினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வாசல் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான். காரைக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் திருப்பத்தூர். அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்தால் ஒரு கண்மாய். ஐப்பசி பிறந்ததும் வெளிதேசத்துப் பறவைகள் வந்துவிடும். அவற்றைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை இருக்கலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கு அது கிடைக்கவில்லை. நான் படியிறங்கும்போதே வெள்ளை அம்பாஸிடர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து சோலையப்பன் அம்மான் இறங்கினார். என் மாமியாருக்கு அண்ணன். சலவை வேட்டி, சலவைத் துண்டு, கையில் டிரான்ஸிஸ்டர்.

“என்ன மாப்பிள்ளை, நடையா? பஸ்ஸும் வேணாம், கிஸ்ஸும் வேணாம். ஏறுங்க. நாங்களும் குருவி பாக்க வாறோம்.”

பின்சீட்டில் சிட்டாள் உட்கார்ந்திருந்தாள். என் மனைவியின் தங்கை. என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, மறுபக்க ஜன்னலைப் பார்த்தாள்.

“அம்மான், அங்க கூட்டமாப் போனா பறவை நிக்காது” என்றேன்.

“நாங்க என்ன கூட்டமா? நானு, இந்தப் பிள்ளை, வீரையா. வீரையா கார்லயே தூங்கிருவான். என்னடா?”

டிரைவர் வீரையா “ஆமாங்கய்யா” என்றான்.

“ஒரு செம்பு தண்ணி குடுங்க, போவோம்.”

பூட்டிய கதவைத் திறந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். வளவின் நடுவில் நின்று தரையைப் பார்த்தார். மேலே உத்தரத்தைப் பார்த்தார். மறுபடியும் தரையைப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, புறா எச்சமும் புழுதியுமாக் கிடக்கு. நாச்சியம்மை இருந்தப்ப இந்தத் தரையில முகம் பாத்துச் சவரம் பண்ணலாம். நான் செருப்பை வாசல்ல விட்டாக்கூட ‘அம்மான், அங்குட்டுத் தள்ளி விடுங்க’ம்பா. கழுவித் தொடைச்சு, தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கி… அப்படி ஒரு பிள்ளை.”

தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏப்பம் விட்டார்.

நாச்சியம்மை என் மனைவி. போன மாசியில் இறந்துபோனாள். சின்ன வயதுக் காய்ச்சலில் இருதயம் கெட்டிருந்தது. அது கலியாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் மற்றவர்களுக்கு இருந்தது. இழவு வீட்டில் என் மாமியார் உமையாள், “அவ இருந்தா இதைத்தான் ஆசைப்படுவா” என்று ஆரம்பித்தார். சிட்டாளை எனக்குக் கட்டிவைப்பதைத்தான் சொன்னார். கருமாதிக்குள் அது, “அடிக்கடி சொல்லிக்கிட்டே இருப்பா” என்று ஆயிற்று. ஆடியில், “படுக்கையில கிடந்து என் கையைப் பிடிச்சுச் சொன்னா.” ஐப்பசிக்கு முழு உருவம் வந்துவிட்டது: “உயிர் போற நேரத்துல, அவுகளுக்கு நம்ம சிட்டாளைக் கட்டிவைங்க ஆத்தான்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுனா.” மாமியாரின் ஊரான கொத்தமங்கலத்துச் சனம் முழுக்க அதைக் கேட்டுக் கண் கலங்கியது. ஒருவர் என்னிடமே வந்து சொல்லி அழுதார்.

நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேச வேண்டியிருக்கும். என்ன நடந்தது என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

டிக்கியில் சாமான்கள் நிறைந்திருந்தன. மடக்கு நாற்காலி, ஜமுக்காளம், தண்ணீர்க் கூஜா, நீளமாக ஒரு கான்வாஸ் பை. குடையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மான் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அதாவது நான் பின்சீட்டில் சிட்டாளோடு உட்கார வேண்டும். எங்களுக்கு நடுவில் நாலடுக்குக் கேரியர் இருந்தது. சிட்டாள் அதன் மேல் வாழையிலைக் கட்டையும் தூக்கி வைத்தாள்.

கார் கிளம்பியதும் அம்மான் டிரான்ஸிஸ்டரைத் திருகினார். கொரகொரவென்று சத்தம்; நடுவில் சிலோன் ரேடியோக்காரன் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னான். அதற்கு மேல் குரலை உயர்த்தி அம்மான் பேசினார்.

“சுத்தி வளைக்காமச் சொல்லிர்றேன் மாப்பிள்ளை. இன்னைக்குப் பொழுது சாயக்குள்ள உமையாளுக்கு நான் பதில் சொல்லணும். தையில முகூர்த்தம் இருக்கு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அங்கிட்டுப் போற வழியிலயே சோசியரைப் பாத்துட்டுப் போயிருவேன்.”

நான் வெளியே பார்த்தேன். தந்திக்கம்பியில் ஒரு கீச்சான் உட்கார்ந்திருந்தது. அதுவும் வெளியூர்தான். கார் போன வேகத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

“நகரக் கோவில்ல உங்களை இப்ப எப்படி எழுதுவாக? அரைப்புள்ளி. படிச்ச மனுசன், கல்லூரியில வேலை, இந்த வயசுல அரைப்புள்ளியா நிக்கலாமா?”

எங்கள் செட்டியார்களில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் ஒரு புள்ளி. ஒருவர் போனால் மற்றவர் அரை. கோவில் வரியிலிருந்து பிரசாதம் வரை அந்தக் கணக்குத்தான்.

“என்னைச் சேத்தா முழுசாயிருமா, அம்மான்?” என்றாள் சிட்டாள். “நான் என்ன அரைப்படி அரிசியா?”

“பாத்தீகளா, பேசுறதை? மதுரையில படிக்கப் போட்டது தப்பாப் போச்சு.”

“அதான் நிப்பாட்டிட்டீகள்ல.”

அவள் பி.ஏ. இரண்டாம் வருஷம். தீபாவளி லீவுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டி இன்னும் ஹாஸ்டலில்தான் கிடந்தது. இதை அவள் கேரியரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கேரியர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை பிந்திவிட்டது. கண்மாயில் பாதிதான் தண்ணீர், ஓரமெல்லாம் சேறு. உள்ளானுக்கு அதுதான் வேண்டும். கரையில் ஏறி நின்றேன். வெயில் இன்னும் ஏறவில்லை. சேற்றின் நிறத்திலேயே நூற்றுக்கணக்கில் உள்ளான்கள், மூக்கால் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தன. ஓடும், நிற்கும், குத்தும், மறுபடி ஓடும். தள்ளி இரண்டு வாலாட்டிகள். கருவேலமரத்தில் ஒரு மாங்குயில் மறைந்து மறைந்து தெரிந்தது. எட்டு மாதத்தில் எனக்கு நன்றாக இருந்த இடம் இது ஒன்றுதான். பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

“வீரையா! நாற்காலியை இங்குட்டுப் போடுடா!”

வாலாட்டிகள் பறந்துவிட்டன.

“அம்மான், மெதுவாப் பேசுங்க. பறந்துரும்.”

“பறந்தா என்ன, திரும்ப வரும். அதுக்கு வேற சோலி என்ன?” நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. மாங்குயிலும் போயிற்று. “எது மாப்பிள்ளை, அந்த எலிக்குட்டி மாதிரி ஓடுதே, அதுவா?”

“அதுதான் உள்ளான்.”

“எங்கேருந்து வருது?”

“வடக்கேருந்து. இமயமலைக்கும் அங்குட்டு.”

“அம்புட்டுத் தூரத்துலேருந்து இந்தச் சேத்துக்கா? அங்குட்டுச் சேறு இல்லையா?”

“பனி மூடிரும். இரை கிடைக்காது.”

“அப்ப இதுகளும் கொண்டுவிக்க வருதுகன்னு சொல்லுங்க.” கடல்தாண்டி வியாபாரத்துக்குப் போவதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். தன் பேச்சு அவருக்கே பிடித்துப்போயிற்று. தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் மேய்ந்த உள்ளான்கள் எழுந்து நாற்பது அடி தள்ளி இறங்கின. “எங்க அப்பச்சி ரங்கூனுக்கு மூணு வருசத்துக்கு ஒருதடவை கப்பல்ல போனாக. கப்பல்ல வாந்தி. இதுகளுக்கு டிக்கெட்டும் இல்லை, வாந்தியும் இல்லை. டேய் வீரையா, கேரியரை எடு.”

கேரியர் திறந்தது. வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், கந்தரப்பம், தயிர்ச்சாதம். நாய் ஒன்று எங்கிருந்தோ வந்தது. நாயைக் கண்டு ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தது. ஆள்காட்டி கத்தினால் கண்மாய் முழுவதும் தலையைத் தூக்கும். தூக்கிற்று.

“சாப்பிடுங்க மாப்பிள்ளை. இளைச்சுப் போயிட்டீக. ஆக்கிப்போட ஆளில்லைன்னா இப்படித்தான்.”

“பசியில்லை.”

“பசியில்லைன்னா? இதெல்லாம் சிட்டாள் கையால செஞ்சது.”

“அம்மான், பொய் சொல்லாதீக. நான் இலையை மட்டுந்தான் நறுக்குனேன்” என்றாள் சிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கண்மாயில் ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார ஒரு மனிதனால் முடியாதா? பைனாகுலரை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். மடைவரை போய்விடலாம் என்று எண்ணம். சேறு செருப்பைப் பிடித்து இழுத்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பின்னால் காலடிச் சத்தம். சிட்டாள்.

“நீயுமா?” என்றேன்.

“நான் ஒண்ணும் உங்க பின்னாடி வரலை. அம்மான் ‘போ, போயி அவுககூடப் பேசு’ன்னு தள்ளிவிடுறாக. நின்னா அங்கின அவுக பேச்சு. வந்தா இங்கின உங்க மூஞ்சி.” மூச்சு வாங்கினாள். “அதைக் குடுங்க, பாப்போம்.”

பைனாகுலரைக் கொடுத்தேன். நான் சொல்லாமலேயே திருகிச் சரிசெய்துகொண்டாள். கொஞ்சநேரம் பேசாமல் பார்த்தாள். அதுவரை அந்தக் கூட்டத்தில் பேசாமல் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

“இதுக்குத்தான் ஆச்சி உங்களைத் திட்டுவாகளா?” அக்காளை அவள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

“ம்.”

“‘அந்தக் குருவிக்கு உங்களைத் தெரியுமா?’ன்னு கேப்பாகளாமே. எனக்கு எழுதியிருந்தாக.”

“கேப்பா.”

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள். “அயித்தான், நேராக் கேக்குறேன். உங்களுக்கு என்னையக் கட்டிக்கிற இஷ்டமா?”

“இல்லை.”

“எனக்கும் இல்லை. அப்புறம் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்குறீக?”

“நீயே சொல்லேன்.”

“சொல்லாமலா? நான் முடியாதுன்னா, ‘செத்தவ வாக்கை மீறப்போறியாடி’ன்னு ஆத்தா தலையில அடிச்சுக்கிறாக. நான் யாரைப் போயிக் கேக்க? சாகுறப்ப அங்கின நீங்க மட்டுந்தான இருந்தீக? ஆச்சி அப்படிச் சொன்னாகளா?”

எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் அவள்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன். பதில் வராது என்று தெரிந்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“கல்லு மாதிரி நிக்காதீக. உங்களுக்குத் துக்கம்னா, அதுல நான் எதுக்கு வந்து விழணும்? ஒரு வார்த்தை. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும்…”

துப்பாக்கி வெடித்தது.

கண்மாய் மொத்தமும் ஒரே சத்தமாக எழுந்தது. உள்ளான், கொக்கு, நாரை, தாரா, பெயர் தெரிந்ததும் தெரியாததும் எல்லாம் மேலே சுழன்றன. தலைக்கு மேல் இருட்டியது. இரண்டு சுற்று சுற்றிவிட்டு, உள்ளான் கூட்டம் தெற்கே திரும்பிப் போயிற்று. சேற்றில் ஒன்றுகூட இல்லை. ஆள்காட்டி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

ஓடினேன். அம்மான் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு கரைச் சரிவில் நின்றார். கான்வாஸ் பை காலடியில் கிடந்தது. வேட்டி முழங்கால்வரை சேறு. துப்பாக்கி உதைத்ததில் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, ஒண்ணும் விழலையே?”

“என்ன செஞ்சீக?”

“நீங்கதான குருவி பாக்கப் போறதாச் சொல்வீக?”

“பாக்குறதுன்னா பாக்குறது!”

“சும்மா பாத்துட்டு வாறதா?” அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “வாரா வாரம் பஸ் ஏறி வந்து, வெயில்ல நின்னு, சும்மா பாத்துட்டு வெறுங்கையோடயா போவீக? எங்க அப்பச்சி குருவி பாக்கப் போனாகன்னா ராத்திரி இலையில விழும். நான் நெனைச்சேன், நீங்க கூச்சப்பட்டுச் சொல்லலைன்னு. அதான் அப்பச்சி துப்பாக்கியத் தூசு தட்டி எடுத்தாந்தேன், உங்களுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்னு.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர்ச்சனம் வந்துவிட்டது.

முதலில் மண்வெட்டியோடு மலையாண்டி வந்தான். மடை பார்க்கிறவன், ஞாயிறுதோறும் என்னைப் பார்த்துத் தலையசைப்பான். பின்னால் ஏழெட்டு ஆண்கள். அவர்களுக்கு முன்னால், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அந்த ஊர்க் காளியம்மாள். வயலில் நாற்றுப் பறித்த கை அப்படியே சேறாக இருந்தது.

“எவன்டா சுட்டவன்?” என்றாள். பிறகு சலவை வேட்டியைப் பார்த்தாள். “எவுக சுட்டது?”

“ஒண்ணும் சாகலை, ஆத்தா” என்றார் அம்மான்.

“சாகலைன்னா? இந்த ஊர்ல தீவாளிக்கு வெடி கிடையாது, தெரியுமா? சாவுக்கு வேட்டுக் கிடையாது. எங்க மாமனாரு செத்தப்பக் கொட்டுச் சத்தம் இல்லாம, ஊமையாத் தூக்கிட்டுப் போனோம். இதுக வந்து தங்குனாத்தான் கண்மாய் பெருகும். நீங்க பாட்டுக்குக் கார்ல வந்து பட்டாசு கொளுத்துறீக?”

மலையாண்டி அம்மான் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டான். அவரும் கொடுத்துவிட்டார்.

“தம்பி, நீங்களுமா?” என்று என்னைக் கேட்டான். அதற்குத்தான் எனக்கு அதிக எரிச்சல் வந்தது.

“எனக்குத் தெரியாது.”

“தெரியுமோ தெரியாதோ, சேந்து வந்தீக. மூணு பேரும் கருப்பர்ட்ட வாங்க.”

மடையை ஒட்டி வேப்பமரத்தடியில் கருப்பர். உருவம் இல்லை, நட்டுவைத்த அரிவாள்கள்தான். கண்மாய்ப் பறவையை விரட்டினவர்கள் அங்கே நிற்க வேண்டும். யார், எந்த ஊர், எதற்கு வந்தோம் என்று உள்ளதைச் சொல்லி, அரிவாளுக்கு ஒரு குடம் கண்மாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொய் சொன்னால் அந்த வருஷம் கண்மாய் நிறையாது. மழை ஏற்கெனவே பிந்தியிருந்தது. யாரும் விளையாடும் மனநிலையில் இல்லை.

அம்மான் துண்டை இடுப்பில் கட்டினார். “சோலையப்பன். கொத்தமங்கலம். குருவி பாக்க வந்தோம்.”

“துப்பாக்கியோடயா?” என்றாள் காளியம்மாள்.

“சுட்டுத் திங்க.”

“அது நெசம். இந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சு? மசாலா அரைக்கவா?”

ஆண்கள் சிரித்தார்கள். அம்மான் அரிவாளைப் பார்த்தார். “அது குடும்ப விசயம்.”

“கருப்பருக்குத் தெரியாத குடும்பமா? சொல்லுங்க செட்டியாரே. பொண்ணு மூஞ்சி சரியில்லை.”

“இவுக என் மருமகப்பிள்ளை. பொண்டாட்டி தவறிப்போச்சு. இது தங்கச்சி. ரெண்டு பேரும் ஒருநாளைக்குப் பேசிப் பழகட்டும்னு…”

“பொண்ணுக்குச் சம்மதமா?”

“இல்லை” என்றாள் சிட்டாள்.

“மாப்பிள்ளைக்கு?”

தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான்.

“ரெண்டு பேருக்கும் இல்லைன்னா யாருக்குய்யா சம்மதம்? உங்களுக்கா?”

“செத்தவ சொல்லிட்டுப் போயிருக்கா, ஆத்தா. உயிர் போறப்ப. அதை எப்படி மீற?”

செத்தவள் வாக்கு என்றால் யாரும் பேசமாட்டார்கள். காளியம்மாள்கூடச் சேலையை இறக்கிவிட்டாள். சிட்டாள் மட்டும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“அம்மான், அருவாளுக்கு முன்னால நிக்கிறீக. ஆச்சி சொன்னதை நீங்க கேட்டீகளா?”

“உங்க ஆத்தா சொன்னா.”

“ஆத்தா கேட்டாகளா?”

அவர் பதில் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. நல்ல மனிதர்தான். பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு, பேசாமல் நிற்கும்போது முகமே வேறாகிவிடுகிறது.

“அன்னைக்கு உமையாள் கொத்தமங்கலத்துல இருந்தா” என்றார் கடைசியில். “சேதி வந்தப்புறம் நாந்தான் இதே கார்ல கூட்டியாந்தேன். அழுதுக்கிட்டே வந்தா. நாங்க வந்தப்ப…” துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “மூணு நாளாச்சும் என் பிள்ளை பக்கத்துல இருந்திருப்பேனே, ஒரு வார்த்தை என்கிட்டப் பேசியிருப்பாளேன்னு கிடந்து புலம்புனா. பேசாததைப் பேசுனதா ஆக்கிக்கிட்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். தங்கச்சி அழுகை அடங்குச்சு, அதான்.”

“என் படிப்புப் போச்சு” என்றாள் சிட்டாள்.

“ஆமாத்தா. போச்சு.”

மலையாண்டி குடத்தை எடுத்துவந்தான். அம்மான் அரிவாளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நாளைக்கே இவளை மதுரைக்கு நானே கொண்டுபோயி விடுறேன். ஆனா உமையாள்ட்ட நான் என்னன்னு போயிச் சொல்ல, மாப்பிள்ளை? ‘உன் மக அப்படிச் சொல்லலை’ன்னு வெறுங்கையோட போயி நிக்கவா? ஒரு வாக்கை எடுத்துட்டா அந்த இடத்துல வைக்க இன்னொரு வாக்கு வேணும்ல? அவ என்னதான் சொன்னா? கூட இருந்தது நீங்கதான?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீரையா கூடக் காரிலிருந்து இறங்கி வந்திருந்தான். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பிடிக்கவில்லை. அந்த வெயில், அந்தத் துவையல் வாடை, ஓயாமல் கத்துகிற ஆள்காட்டி எதுவும் பிடிக்கவில்லை.

“பெருசா ஒண்ணும் இல்லை” என்றேன்.

“சின்னதாவே இருக்கட்டும், அயித்தான்” என்றாள் சிட்டாள்.

சொன்னேன். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாச்சியம்மைக்குக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. டாக்டர் எழுந்து நடக்கச் சொல்லியிருந்தார். ‘இங்கின உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்காதீக, உங்க குருவியப் போயிப் பாருங்க’ என்று அவள்தான் விரட்டினாள். பஸ் ஏறவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் ஊருணி வரைதான் போனேன். தண்ணீர் வற்றிக் கரையெல்லாம் சேறு. வடக்கே திரும்பிப் போவதற்காக உள்ளான்கள் கூடியிருந்தன. அதைச் சொல்லத்தான் வேகமாக வந்தேன். அவள் இரண்டாங்கட்டு அறையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்காரி தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள், ஈரம் காயவில்லை. நான் நிலைப்படியில் நின்று, “நாச்சியம்மை, உள்ளான் எல்லாம்…” என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். ஒன்று சொன்னாள், அதைக் கேட்டுக் கிணற்றடிக்குப் போனேன். விரலிடுக்கில் ஒட்டியது போக நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவள் அப்படியே சாய்ந்திருந்தாள், உயிர் இல்லை.

“என்ன சொன்னா?” என்று அம்மான் கேட்டார். “உமையாள்ட்ட நான் சொல்லணும். அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

“ஐயையே, அந்தச் சேத்துக்காலோட உள்ள வராதீக. இப்பத்தான் தொடைச்சு விட்டுருக்கு.”